மலிவு டர்போ கிட்: பெட்டிக்குள் வராதவை

இணையக் கடையில் டர்போ கிட் என்று தேடிப் பாருங்கள். காருக்கு நல்ல மியூசிக் சிஸ்டம் போடும் செலவில் முழு கிட்டும் வந்துவிடும் போலத் தோன்றும். படத்தில் எல்லாம் பளபளவென்று இருக்கும்: டர்போசார்ஜர், அதைப் பூட்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, இன்டர்கூலர், அலுமினியக் குழாய்கள், நீல நிற சிலிகான் ஹோஸ்கள், கியர் மாற்றும்போது புஸ்ஸென்று காற்றைவிடும் புளோ ஆஃப் வால்வு, ஆயில் போக ஒரு ஹோஸ், வர ஒரு ஹோஸ், ஒரு பை நிறைய கிளாம்ப். கீழே ‘யூனிவர்சல்’ என்று போட்டிருக்கும். எந்தக் காருக்கும் பொருந்தும் என்பது விற்பவர் சொல்லும் பொருள். எந்தக் காரையும் மனத்தில் வைத்துச் செய்யப்படவில்லை என்று வாங்குகிறவர் படித்துக்கொள்ள வேண்டும்.

டர்போ நல்ல சாதனம். கம்பெனியிலிருந்தே டர்போவோடு இறங்கும் பெட்ரோல் கார்கள் நம் சாலைகளில் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடுகின்றன. டர்போ இல்லாமல் வடிவமைத்த இன்ஜினை உள்ளே எதையும் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, வெளியே மட்டும் மலிவான கிட்டை மாட்டுவதுதான் வம்பு. இந்தக் கிட்டுகள் காற்றைக் கூட்டித் தருகின்றன. கூடுதல் காற்றுக்குத் தேவையான பெட்ரோல், அதற்கேற்ற இக்னிஷன் டைமிங், அதனால் எழும் வெப்பத்துக்கு வழி, டர்போவுக்கு ஒழுங்கான ஆயில் ஓட்டம் ஆகிய நான்கும் பெட்டிக்குள் வருவதில்லை. செலவும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன.

வெறும் 7 பிஎஸ்ஐ

“டயருக்கு 32 அடிக்கிறோம், இது வெறும் 7 தானே சார்?” பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நம்மைச் சுற்றியுள்ள காற்றே கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அழுத்தத்தை நம்பித்தான் மூச்சிழுக்கிறது. அதற்கு மேல் 7 ஏற்றினால் ஏறக்குறைய பாதி மடங்கு காற்று கூடுதல். 1.2 லிட்டர் இன்ஜினை 1.8 லிட்டர் இன்ஜின் அளவுக்குச் சாப்பிட வைக்கிறீர்கள். ஆனால் பிஸ்டன், ராடு, ரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் 1.2 லிட்டருக்காகச் செய்தவை.

பெட்ரோல் கணக்கு

நம்மூரில் சர்வசாதாரணமாக ஓடும் 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 82 அல்லது 83 குதிரைத்திறன் உள்ள ஓர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். முழு ஆக்ஸிலரேட்டரில் அதன் ஒவ்வோர் இன்ஜெக்டரும் நிமிடத்துக்குச் சுமார் 130 சிசி பெட்ரோல் தரக்கூடியதாக இருந்தால் போதும். கம்பெனி அதற்குச் சற்று மேலே ஒரு சைஸ் பார்த்துப் போட்டிருக்கும். 7 பிஎஸ்ஐ பூஸ்டில் அதே இன்ஜினை 120 குதிரைத்திறனுக்குத் தயார் செய்தால் ஒவ்வோர் இன்ஜெக்டரும் 215 சிசி அளவுக்குத் தர வேண்டும். குதிரைத்திறன் பாதி மடங்குகூடக் கூடவில்லை, பெட்ரோல் ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். பூஸ்டில் ஓடும் இன்ஜினுக்குக் கலவை கெட்டியாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் பெட்ரோல் எரிவதற்காகப் போவதில்லை, சிலிண்டரைக் குளிர்விக்கப் போகிறது.

இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கு எடை 14.7 பங்கு காற்று வேண்டும். (மேலே சொன்ன 14.7-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயலாக ஒரே எண்.) எத்தனால் கலந்தால் அது 13.5 பக்கம் இறங்கிவிடும். அதாவது அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல். ஆக்டேன் ஏறுவது எத்தனாலின் நல்ல பக்கம். ஆனால் இன்ஜெக்டரின் கையிருப்பை அது முன்கூட்டியே தின்றுவிடுகிறது.

இதைவிடக் கூர்மையான சிக்கல் ஒன்று உண்டு. பல கார்களில் பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே, பம்ப்போடு சேர்ந்து இருக்கிறது. இன்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயே கிடையாது. ரெகுலேட்டர் வெளிக்காற்றை ஒப்பிட்டு, சுமார் 3 பார் அழுத்தத்தை மாறாமல் வைத்திருக்கும். இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அரை பார் பூஸ்ட் (ஏறக்குறைய அதே 7 பிஎஸ்ஐ) ஏறினால், பெட்ரோல் அந்த அரை பாரை எதிர்த்துத்தான் பீய்ச்ச வேண்டும். மிஞ்சுவது இரண்டரை பார். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாவிட்டால் பெட்ரோல் கிட்டத்தட்ட 9 சதவீதம் குறையும். பாதி மடங்கு கூட வேண்டிய நொடியில் உள்ளதும் குறைகிறது.

இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூ இதைக் கவனித்துச் சரிசெய்யாதா? செய்யாது. டர்போ இல்லாத காரில் இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும், அதற்குக் கொஞ்சம் மேலே வரைக்கும்தான் அளக்கும். அதற்கப்பால் 3 பிஎஸ்ஐ பூஸ்டும் 10 பிஎஸ்ஐ பூஸ்டும் அதற்கு ஒன்றே. எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரும் கைகொடுக்காது. 14.7 என்ற புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்ல வந்த சென்சார் அது. முழு ஆக்ஸிலரேட்டரில் ஈசியூ அதன் பேச்சைக் கேட்பதையே விட்டுவிடும்.

இந்த இடத்தில்தான் கிட் விற்பவர்கள் சில குறுக்கு வழிகளைச் சொல்வார்கள். மேப் சென்சாருக்குப் போகும் ஹோஸில் ஒருவழி வால்வு போட்டு, பூஸ்ட் ஏறியதே ஈசியூவுக்குத் தெரியாமல் மறைப்பது ஒன்று. பெட்ரோல் பிரஷரை பூஸ்டுக்கேற்ப ஏற்றும் ரெகுலேட்டர் இன்னொன்று. பழைய கார்பரேட்டர் காலத்தை அடுத்து வந்த கார்களில் இது ஓரளவு வேலை செய்தது. திரும்பு குழாய் இல்லாத கார்களில் மாட்டவே இடமில்லை. மூன்றாவதுதான் மோசம். இன்டேக் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் ஒயரில் ஐந்து ரூபாய் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, காற்று சில்லென்று இருப்பதாக ஈசியூவை நம்ப வைப்பார்கள். ஈசியூ பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், உண்மைதான். ஆனால் சூடான காற்று வந்தால் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து இன்ஜினைக் காப்பாற்றும் வேலையையும் அதே சென்சாரை நம்பித்தான் அது செய்கிறது. கொதிக்கும் காற்று உள்ளே போகும் நேரத்தில் அந்தக் காவலை நீங்களே தூங்க வைக்கிறீர்கள். உங்கள் மெக்கானிக் இந்த ரெசிஸ்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பிஸ்டன் எப்படி உடைகிறது

பிளக்கிலிருந்து கிளம்பும் தீ, கலவை முழுக்க ஒழுங்காகப் பரவ வேண்டும். அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறினால், தீ எட்டுவதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். இதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம் வரும். ஓவர்லோடில் மேடேறும் பழைய காரில் எல்லோரும் கேட்டிருப்போம். டர்போ மாட்டிய காரில் அது கேட்காது. பெரிய சைலன்சரின் இரைச்சலும் புளோ ஆஃப் வால்வின் புஸ்ஸும் அதை மூடிவிடும். கம்பெனி வைத்த நாக் சென்சார் டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளிப் பார்க்கும். டர்போ இல்லாத இன்ஜினுக்காக அளந்து வைத்த எல்லை அது, பூஸ்டுக்குப் போதாது.

சாதாரண கார்களில் வருவது வார்ப்பு பிஸ்டன். விறைப்பானது, இலேசானது, விலை குறைவு, ஆனால் அடி தாங்காது. முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே ஓர் அலுமினிய விளிம்பு இருக்கிறது, தடிமன் சில மில்லிமீட்டர்தான். நாக்கிங்கின் அடி முதலில் விழுவது அங்கேதான். விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டு பெயரும். இன்ஜின் நின்றுவிடாது. ஐடிலிங்கில் கொஞ்சம் நடுங்கும், சைலன்சரில் நீலப் புகை தெரியும், டிப்ஸ்டிக் தன் குழாயிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு வரும். “ரிங் போயிடுச்சு” என்று பட்டறையில் சொல்வார்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் போட்டால் மூன்று சிலிண்டர் நன்றாக இருக்கும், ஒன்று மட்டும் பாதியில் நிற்கும்.

இன்னொரு வழியிலும் இது நடக்கும், அதற்கு நாக்கிங்கே வேண்டியதில்லை. ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். 75 மில்லிமீட்டர் போர் உள்ள சாதாரண இன்ஜினுக்கு 0.3 மில்லிமீட்டர் போதும். பூஸ்ட் தாங்க வேண்டிய இன்ஜினுக்கு 0.4 விடுவார்கள். காரணம், சூடேறினால் ரிங் நீளும். இடம் போதாவிட்டால் முனைகள் ஒன்றோடொன்று முட்டி, ரிங் சிலிண்டர் சுவரில் இறுகி, பிஸ்டனின் தலையையே பிய்த்துக்கொண்டு போகும். அந்த 0.1 மில்லிமீட்டரை வெளியே எந்த கிட்டைப் பூட்டியும் பெற முடியாது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

உடைவதற்கு முன் எச்சரிக்கை உண்டா? உண்டு. நாலைந்து முறை நன்றாக இழுத்து ஓட்டியபின் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சீரான வெளிர் பழுப்பு நிறம் நல்லது. ஊசிமுனைக் கரும்புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. வெளிச்சத்தில் மினுக்கும் வெள்ளி நுண்துளிகள் தெரிந்தால் அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். அந்தக் காரை வீட்டுக்குக்கூட ஓட்டிப் போக வேண்டாம், டோ செய்து கொண்டு போங்கள்.

கம்ப்ரஷன் ரேஷியோ: பெரிய கம்பெனியே பட்ட பாடு

இன்றைய டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின்கள் மைலேஜுக்காக 10:1, 11:1 என்று உயர்ந்த கம்ப்ரஷனில் வருகின்றன. அந்தக் காலத்தில் கம்பெனிகள் டர்போ போடும்போது முதலில் இதைத்தான் இறக்கின. நிஸ்ஸான் சில்வியாவில் டர்போ இல்லாத எஸ்.ஆர்.20 இன்ஜின் 9.5, 10 என்று இருக்க, அதன் டர்போ வடிவம் 8.5-க்கு இறங்கியிருந்தது. இப்போது வரும் டர்போ கார்கள் 10:1-ல் ஓடவில்லையா என்று கேட்டால், அவற்றில் பெரும்பாலும் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அங்கேயே ஆவியாகிக் கலவையைக் குளிர்விக்கிறது. பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டும் பலவற்றில் உண்டு. டர்போ என்று எண்ணியே பிறந்த இன்ஜின்கள் அவை.

உயர்ந்த கம்ப்ரஷனை இறக்காமலே டர்போ போட்டுப் பார்த்த பெரிய கம்பெனியும் உண்டு. 1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற காரை இறக்கியது. 3.5 லிட்டர் அலுமினிய வி8, 10.25:1 கம்ப்ரஷன், பூஸ்ட் வெறும் 5 பிஎஸ்ஐ சுற்றி. நாக்கிங்கைத் தடுக்க காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றை இன்ஜினுக்குள் தெளித்தார்கள். அதற்குத் தனி டேங்க். தீர்ந்துபோனால் பூஸ்டைக் குறைக்க ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தது. காரை வாங்கியவர்கள் அந்த டேங்கை நிரப்ப மறந்தார்கள், புகார்கள் குவிந்தன. இரண்டே ஆண்டில் காரை நிறுத்திவிட்டு, டர்போவைக் கழற்றிச் சாதாரணக் கார்பரேட்டர் மாட்டித் தர வேண்டிய நிலைக்குக் கம்பெனி வந்தது. அதே 1962-ல் அதே குழுமத்தின் செவ்ரோலே கோர்வெய்ரில் கம்ப்ரஷனை 8:1-க்கு இறக்கிவிட்டு டர்போ போட்டார்கள். அது 1966 வரை விற்பனையில் இருந்தது. இன்று இணையத்தில் வரும் கிட்டில் 7 பிஎஸ்ஐ என்கிறார்கள், தண்ணீர் டேங்க்கூட இல்லாமல்.

நம் வெயிலில் இன்டர்கூலர்

காற்றை அமுக்கினால் சூடாகும். மே மாதம் வேலூரிலோ திருச்சியிலோ 40 டிகிரி வெயிலில் 7 பிஎஸ்ஐ அமுக்கினால், நல்ல கம்ப்ரசரில் காற்று 90 டிகிரி சொச்சத்தில் வெளியேறும். 60 சதவீதத் திறனில் தடுமாறும் மலிவுக் கம்ப்ரசரில் அது 100 டிகிரியைத் தாண்டிவிடும். நல்ல இன்டர்கூலர் அதை 60-க்கு இறக்கும். உள்ளே ஃபின் நெருக்கமில்லாத மலிவு இன்டர்கூலர் 80 பக்கத்திலேயே விட்டுவிடும். அந்த 20 டிகிரி வித்தியாசம்தான் நாக்கிங் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. குளிர்நாட்டு வீடியோவில் ஒருவர் இதே கிட்டை வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டியதைக் காட்டி வாதாட வேண்டாம். அவர் ஊர்க் காற்று வேறு.

இன்டர்கூலரை ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் முன்னால் மாட்டுவார்கள். கிண்டியில் சிக்னலில் நிற்கும்போது அவை இரண்டுக்கும் காற்று போகாமல் அது மறைத்துக்கொண்டு நிற்கும். டெம்பரேச்சர் முள் ஏறுவது முதல் அறிகுறி. ஏசி குளிராமல் போவது அதற்கும் முன்னால் தெரியும்.

டர்போவைக் கையில் எடுத்துப் பார்த்தல்

டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம், சில நேரம் இரண்டு லட்சம் சுற்று சுற்றும். ஒரு படலம் ஆயில்தான் அதைத் தாங்குகிறது. பெட்டி வந்ததும் கம்ப்ரசர் பக்கத்து நட்டை இரு விரலால் பிடித்து, முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருக்கவே கூடாது. பக்கவாட்டில் சிறிது அசைவது சாதாரண பேரிங் உள்ள டர்போவில் இயல்பு. ஆனால் அசைக்கும்போது இறக்கை உறையில் உரசினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். உறையின் உட்பகுதியில் விரலை விட்டுத் தடவுங்கள். வார்ப்பு மணல் ஒட்டியிருந்தால் அது முதல் நாளே ஆயிலிலோ இன்ஜினிலோ போய்ச் சேரும். கேரட், போர்க்வார்னர் என்று தகட்டில் பெயர் பொறித்திருப்பது ஒரு சான்றும் ஆகாது. போலிகள் அதே தகட்டோடுதான் வருகின்றன.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் டீசல் ஸ்விஃப்ட்டிலிருந்து கழற்றிய டர்போவை வாங்கி பெட்ரோல் இன்ஜினில் போட்டால் என்ன என்ற யோசனை பலருக்கு வருகிறது. பொருள் அசல், விலை குறைவு, பார்த்து வாங்கலாம். ஆனால் டீசல் புகை 800 டிகிரியைச் சுற்றியே நிற்கும். பெட்ரோல் புகை 950 வரை போகும். டீசலுக்காக வார்த்த உறை அந்தச் சூட்டில் வெடிப்பு விடும். இறக்கைகளின் கோணத்தை மாற்றும் வகை டர்போவாக இருந்தால் அந்த நுணுக்கமான அமைப்பே இறுகிப்போகும். டீசலில் சாதாரணமாகிவிட்ட அந்த வகையை போர்ஷே தன் பெட்ரோல் 911 டர்போவில் கொண்டுவந்ததே 2006-ல்தான், அதுவும் சூடு தாங்கும் விசேஷ உலோகத்தில்.

மேனிஃபோல்டு வாங்கும்போது அழகைப் பார்க்காதீர்கள். வளைந்து வளைந்து போகும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய் மேனிஃபோல்டு படத்தில் நன்றாக இருக்கும், வெல்டிங் ஓரத்தில் சீக்கிரம் விரியும். தடித்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு குட்டையாக, முரடாக இருக்கும். அதுதான் உழைக்கும்.

ஆயில் திரும்பும் வழி

கிட் மாட்டுகிறவர்கள் அதிகம் அலட்சியம் காட்டுவது இங்கேதான். டர்போவுக்குள் ஆயில் பிரஷரோடு போகிறது. வெளியே வரும்போது பிரஷர் இல்லை, நுரைத்துக்கொண்டு வெறும் எடையால் கீழே விழுகிறது. ஆகவே திரும்பும் ஹோஸ் உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எங்கும் மேலேறாமல், தொய்ந்து தேங்காமல், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் ஆயில் டர்போவில் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, சைலன்சரில் வெண்நீலப் புகையாக வரும். டர்போ போய்விட்டது என்று சொல்லி இன்னொரு டர்போ வாங்க வைப்பார்கள். அதுவும் அப்படியே புகைக்கும்.

அந்த ஹோஸைச் சேர்க்க சம்ப்பில் ஓட்டை போட வேண்டும். சம்ப்பைக் கழற்றி, ஓட்டை போட்டு, வெல்டிங் வைத்து, கழுவி, புது கேஸ்கெட்டோடு மாட்டுவதே முறை. நேரம் மிச்சம் என்று காரின் அடியில் படுத்துக்கொண்டு டிரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிட்டில் கிரீஸ் தடவினால் சீவல் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ஒட்டாத சீவல் ஆயில் பம்ப் வழியாக எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல், இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆயில் உள்ளே போகும் ஹோஸ் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இழுத்து ஓட்டும்போது டர்பைன் உறை செந்தணலாகச் சிவக்கும். இன்ஜின் ஆயிலின் தீப்பற்றும் நிலை 200 டிகிரியை அடுத்துத் தொடங்குகிறது. கிட்டோடு வரும் பின்னல் ஹோஸின் முனை இணைப்பு நழுவினாலோ, எங்காவது உரசித் தேய்ந்தாலோ, பிரஷரோடு ஆயில் அந்த உறையில் பீய்ச்சும். பானெட் தீ இப்படித்தான் பிடிக்கிறது. அந்த ஹோஸை மட்டுமாவது ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் நல்ல கடையில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். டர்பைன் உறைக்கு வெப்பத்தடுப்புப் போர்வை போடுங்கள். சீட்டுக்கடியில் தீயணைப்பான் வையுங்கள்.

நான்கு மில்லிமீட்டர் ஹோஸ்

பூஸ்ட் 7 பிஎஸ்ஐயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வேஸ்ட்கேட். பூஸ்ட் ஏறியதும் ஒரு சிறு ரப்பர் ஹோஸ் வழியாக அந்த அழுத்தம் வேஸ்ட்கேட்டின் டயஃப்ரத்தைத் தள்ளி, புகையை டர்பைனைச் சுற்றி வெளியே விடும். ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது. பூஸ்ட் 7, 12, 18 என்று ஏறிக்கொண்டே போகும். உள்ளே நடப்பதை நினைத்துப் பார்க்கும் முன் முடிந்துவிடும். கிட்டில் இந்த ஹோஸுக்குக் கிளாம்ப் வருவது அரிது. இருபது ரூபாய் கிளாம்ப் இரண்டு வாங்கி மாட்டுங்கள். கூடவே வரும் கைத்திருகு பூஸ்ட் கண்ட்ரோலரைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அது கையில் இருந்தால் ஒருநாள் திருகத் தோன்றும்.

ராடுகளைப் பற்றிச் சுருக்கமாக: அதிக ஆர்பிஎம்மில் ராடு உடையும் என்று பயப்படுகிறார்கள், டர்போ இன்ஜினில் பெரும்பாலும் வளைவது குறைந்த ஆர்பிஎம்மில். டாப் கியரில் 2,500-ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து முந்துவதுதான் ராடுக்குப் பெரிய சோதனை. அமெரிக்காவில் பழைய ஹோண்டா சிவிக், மாஸ்டா மியாட்டா கார்களுக்கு இத்தகைய கிட்டுகள் ஏராளம். அங்கே வளைந்த ராடு எல்லோருக்கும் தெரிந்த கதை. கிளட்ச் அதற்கு முன்பே வழுக்கத் தொடங்கும். ஒருவகையில் அது நல்லது.

‘எலெக்ட்ரிக் டர்போ’ என்று 12 வோல்ட் ஃபேன் விற்பதையும் சொல்லிவிடலாம். நம் 1.2 லிட்டர் இன்ஜினுக்கு 7 பிஎஸ்ஐ பூஸ்ட் தர 5 கிலோவாட் தேவை. 12 வோல்ட்டில் அது 400 ஆம்பியருக்கு மேல். அந்த ஃபேனின் ஒயர் ஹாரன் ஒயர் அளவுக்குத்தான் இருக்கும்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி வீசியிருந்தால் புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் டர்போ போட்ட கார் தீப்பிடித்தால், உங்கள் காருக்கான கிளெய்மை நிராகரிக்க அவர்களுக்கு அதுவே போதும். ஆகவே இந்த வேலை, பொதுச் சாலைகளை விட்டுவிட்டு கோவை கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ ஓட்டும் காருக்கு மட்டுமே சரி.

வரிசையை மாற்றுங்கள்

இத்தனைக்குப் பிறகும் டிராக் காருக்கு டர்போ போட்டே தீருவேன் என்றால், எல்லோரும் முதலில் வாங்கும் டர்போவை நீங்கள் கடைசியில் வாங்குங்கள். முதல் செலவு கம்ப்ரஷன் டெஸ்டும் லீக் டவுன் டெஸ்டும். லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஆயில் அடிக்கும் இன்ஜினாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்து வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரும் மீட்டரும். இது இல்லாமல் பூஸ்டில் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது. பூஸ்டில் மீட்டர் 11.5-க்கும் 12-க்கும் இடையில் நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டினால் அந்த நொடியே காலை எடுங்கள். பிறகு புரோகிராம் செய்யக்கூடிய தனி ஈசியூ, பூஸ்டை அளக்கும் மேப் சென்சார், பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப். ஒரு படி குளிர்ந்த பிளக், அதன் இடைவெளி 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர். இவற்றை மாட்டி, டர்போ இல்லாமலே காரை ஓட்டிப் பழக்குங்கள். அது சரியாக ஓடினால் மட்டுமே டர்போவைத் தேட ஆரம்பியுங்கள்.

டியூனரிடம் போகும்போது சில கேள்விகளை நேராகக் கேளுங்கள். டைனோவில் வைத்து டியூன் செய்வாரா, ரோட்டிலா? நாக்கிங்கை எப்படிக் கேட்பார், ஹெட்ஃபோன் வைத்தா, சும்மாவா? பூஸ்ட் எல்லை மீறினால் ஈசியூ பெட்ரோலை வெட்டுமா, எந்த அழுத்தத்தில்? ஆயில் திரும்பும் ஹோஸ் சம்ப்பில் எங்கே சேரும்? இதே இன்ஜினில் அவர் செய்த கார் ஒன்று இன்னும் ஓடுகிறதா, போய்ப் பார்க்கலாமா? “அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இந்த வரிசையில் போனால் கிட்டின் விலையைப் போல் மூன்று நான்கு மடங்கு செலவாகும். அந்தப் பணத்தோடு உங்கள் காரை விற்ற பணத்தையும் சேர்த்தால், கம்பெனி டர்போவோடு வந்த பழைய காரே கிடைக்கும். 2017-ல் வந்த பலேனோ ஆர்எஸ்ஸில் ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் 102 பிஎஸ் தருகிறது. ஃபோக்ஸ்வேகன் போலோவின் டிஎஸ்ஐ வகைகளும் பழைய கார் சந்தையில் கிடைக்கின்றன. ஆர்சி புக்கில் மாற்றமில்லை, இன்சூரன்ஸில் சிக்கலில்லை. சாலையில் ஓட்டும் கார் என்றால் என் தீர்ப்பு இதுதான். கையில் இருப்பது கிட்டுக்கான காசு மட்டும் என்றால், கிட்டை இப்போது வாங்காதீர்கள். அதில் நல்ல டயர் நான்கு மாற்றி, பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.